பெயர்கள் அடுக்கிய அறை: ஜெனீவா செஞ்சிலுவை அருங்காட்சியகத்தில் ஒரு விதானை

முப்பத்தொரு வருடம் கிராம சேவகராக இருந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் எங்களை யாரும் அந்தப் பதவிப் பெயரால் கூப்பிடுவதில்லை. விதானையார் என்றுதான் சொல்வார்கள். வதிவிட அத்தாட்சி, வாக்காளர் இடாப்பு, குடும்ப அட்டை, நிவாரண அட்டை என்று என் உத்தியோகம் முழுக்கப் பெயர் எழுதுவதிலேயே கழிந்தது. அந்தக் கண்ணோடுதான் ஜெனீவாவில் உள்ள சர்வதேச செஞ்சிலுவை, செம்பிறை அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். ஓவியம் தெரிந்தவரோ கட்டடக்கலை படித்தவரோ வேறு விதமாக எழுதுவார். நான் எழுதுவது பதிவேடு வைத்திருந்த ஒருவனின் மதிப்பீடு.

மகள் லோசானில் இருக்கிறாள். வேலை நாட்களில் அவளும் மருமகனும் வெளியே போய்விடுவார்கள். பள்ளி விடுமுறையில் இருந்த பேத்திதான் என்னை அழைத்துப் போனாள். அவளுக்குப் பதினான்கு வயது. "அம்மப்பா, எங்கள் வகுப்பில் போனவருடம் கூட்டிப்போனார்கள். உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். தொடருந்தில் ஜெனீவா போய், அங்கிருந்து பஸ்ஸில் அப்பியா என்ற நிறுத்தத்தில் இறங்கினோம். செஞ்சிலுவையைத் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவரான மருத்துவர் லூயி அப்பியாவின் பெயர் அது. எதிர்ப்பக்கம் ஐக்கிய நாடுகள் சபையின் மாளிகை. இந்தப் பக்கம் மேட்டின் மேல் செஞ்சிலுவைக் குழுவின் தலைமையகம். அருங்காட்சியகம் அந்த மேட்டைக் குடைந்தது போல அதன் கீழே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

வாசல் முற்றத்தில் சிலைகள் நிற்கின்றன. கார்ல் புஹர் என்ற சுவிஸ் கலைஞர் செய்தவை. துணியால் தலைமுதல் கால்வரை சுற்றிக் கட்டிய மனித உருவங்கள், முகம் இல்லாமல், கூட்டமாக. பேத்தி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சிறிது நேரம் அவற்றைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் தலையில் சாக்கு மூடிய காட்டிக்கொடுப்பவர்கள் முன்னால் ஆண்களை வரிசையாக நடத்திய காலம் ஒன்று இருந்தது. மூடிய தலை அசைந்தால் வரிசையிலிருந்து ஓர் ஆள் குறைவார். அந்தச் சிலைகளைச் செய்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சிலை எனக்கு அதைத்தான் சொன்னது.

அருங்காட்சியகம் 1988இல் திறக்கப்பட்டது. இப்போது இருக்கும் நிரந்தரக் காட்சி 2013இல் புதிதாக அமைத்தது. மூன்று பகுதிகள், மூன்று தேசத்து வடிவமைப்பாளர்கள். மனித மாண்பைக் காத்தல் என்ற பகுதியைப் பிரேசிலைச் சேர்ந்த கிரிங்கோ கார்டியா செய்தார். பிரிந்த குடும்பங்களை இணைத்தல், புர்கினா பாசோவின் பிரான்சிஸ் கேரே. இயற்கை அனர்த்தங்களின் ஆபத்தைக் குறைத்தல், ஜப்பானின் ஷிகெரு பான். கடைசியாகச் சொன்ன இருவரும் பிற்பாடு கட்டடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கரைப் பெற்றவர்கள் என்று பேத்தி தன் கைபேசியில் பார்த்துச் சொன்னாள்.

காதில் மாட்டும் கருவி தருகிறார்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவள் பிரெஞ்சில். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சாட்சிகள் நிற்கிறார்கள். ஆள் உயரத் திரையில் உயிருள்ள மனிதர்கள், நம்மைப் பார்த்தபடி. நாம் கையை நீட்டி அவர்களுடைய கையில் வைத்தால் பேசத் தொடங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நான் மெச்சுகிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களும் இப்படித்தான் நின்றார்கள். நான் பேனாவைக் கையில் எடுக்கும்வரை பேசமாட்டார்கள். எடுத்த பிறகு நிறுத்தமாட்டார்கள்.

முதற்பகுதியில் ஒரு மாபெரும் பாதம் இருக்கிறது. மனித மாண்பு மிதிபடுகிறது என்று காட்டுவதற்காக. அது எனக்கு ஒட்டவில்லை. வன்முறை அவ்வளவு பெரிய உருவத்தில் வருவதில்லை என்பது என் அனுபவம். அது பெரும்பாலும் ஒரு சோதனைச்சாவடியில், ஒரு அடையாள அட்டையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் கையாகத்தான் வரும். ஆனால் அதே பகுதியில், சிறைகளில் இருந்தவர்கள் தங்களைப் பார்க்க வந்த செஞ்சிலுவைப் பிரதிநிதிகளுக்குச் செய்து கொடுத்த பரிசுகளை வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த சின்னச் சின்னப் பொருட்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். வந்து பார்த்தவருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று சிறைக்குள் இருந்தவன் நினைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது போலும்.

சட்டங்களின் வரலாறும் அங்கே வருகிறது. பேத்திக்கு நான் சொல்லிக்கொடுத்த இடம் அது ஒன்றுதான். 1859இல் சோல்பரினோப் போர்க்களத்தில் காயப்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்த ஹென்றி துனான் என்ற வியாபாரியின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை தொடங்கியது. அடுத்த வருடமே முதல் ஜெனீவா உடன்படிக்கை. ஆனால் அது காயமடைந்த படைவீரனுக்கானது. சாதாரண சனத்துக்கு? 1934இல் டோக்கியோவில் கூடி ஒரு வரைவு எழுதினார்கள். அதை உடன்படிக்கை ஆக்குவதற்காக 1940இல் கூட்டம் கூட்டுவதாக இருந்தது. அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 1949 ஆகஸ்ட் 12ஆம் திகதிதான் வந்தது. வீரனுக்கு 1864, வீட்டில் இருந்தவளுக்கு 1949. எண்பத்தைந்து வருடம்.

இடையில் நடந்ததையும் மறைக்கக்கூடாது. யூதர்களை நாசிகள் அழித்துக்கொண்டிருந்த 1942இல், பகிரங்கமாக ஒரு கண்டனம் விடலாமா என்று செஞ்சிலுவைக் குழு அக்டோபர் மாதத்தில் ஜெனீவாவில் கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தது. பின்னாளில் அது தன் பெருந்தோல்வி என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேத்தி, "பிறகு ஏன் இவர்களை நம்புகிறீர்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. இரண்டாம் பகுதிக்குள் போனோம்.

கேரே அமைத்த அந்தப் பகுதிக்குள் நுழைய, மேலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு போக வேண்டும். விலக்கும்போது கனம் தெரிகிறது, சத்தமும் வருகிறது. அப்பால் போனதும் சங்கிலி மறுபடியும் மூடிக்கொள்கிறது. கூட வந்த ஆள் ஒரு கணம் மறைந்துபோகிறார். பேத்தி எனக்குப் பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தேன், காணவில்லை, பிறகு வந்தாள். ஒரு வினாடிதான். வலிகாமத்துச் சனம் ஒட்டுமொத்தமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தடியில் எத்தனை பேருக்கு அந்த ஒரு வினாடி மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் நீண்டது என்று எனக்குத் தெரியும்.

அப்பால் இருப்பதுதான் நான் இதை எழுதக் காரணம். முதலாம் உலகப்போர்க் காலத்து அட்டைகள். கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக, பெட்டிக்குள் நெருக்கமாக அட்டைகள். போர்க்கைதிகளுக்கான சர்வதேச முகவரகம் 1914 ஆகஸ்டில் ஜெனீவாவில் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அதன் வேலை சில வருடங்கள் நீண்டது. மொத்தம் 60 இலட்சம் அட்டைகள். 20 இலட்சம் கைதிகளின் கதி. 2007இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கணினி இல்லாத காலம். நகரத்தின் நடுவே இருந்த ராத் அருங்காட்சியகத்தில் மேசைகளைப் போட்டு உட்கார்ந்து, கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் சேர்த்தார்கள். ஒரு கட்டத்தில் 1,200 பேர்வரை வேலை செய்தார்கள்; பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். அவர்கள் செய்த முறை இதுதான். ஒரு தாய், 'என் மகன் எங்கே' என்று கடிதம் எழுதினால் அந்தப் பெயருக்கு ஓர் அட்டை. எதிரி நாட்டு முகாமிலிருந்து கைதிகளின் பட்டியல் வந்தால் அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. இரண்டு வகை அட்டையையும் ஒரே ஒழுங்கில், ஒரே பெட்டிக்குள் வைத்தார்கள். தேடும் அட்டையும் கிடைத்த அட்டையும் ஒருநாள் அடுத்தடுத்து வந்து சேரும். அப்போது அடுக்குபவளின் விரலுக்கடியில் ஒரே பெயர் இரண்டு தரம் வரும். அன்றைக்குத் தாய்க்குக் கடிதம் போகும்.

நான் அந்த இடத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். பேத்தி மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அம்மப்பா, இது வெறும் பெட்டிதானே" என்றாள்.

அவளுக்கு அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1996 ஏப்ரலில் தென்மராட்சியிலிருந்து சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது எனக்கு என் பிரிவோடு இன்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்து போன இரவில் மூன்று பதிவேடுகளைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மழையில் ஒன்றின் ஓரம் ஊறிவிட்டது, மற்றவை தப்பின. புதிதாகக் கிடைத்த பிரிவுகளுக்குப் பதிவேடே இல்லை. சனத்தை நிறுத்தி வைத்துப் புதிதாக எழுதினேன். அவசரம். அடையாள அட்டையில் உள்ள பெயர், குடும்பத் தலைவர் பெயர், தொகை. அவ்வளவுதான்.

அந்த வருடத்திலும் அடுத்த வருடத்திலும் யாழ்ப்பாணத்தில் பிடிபட்ட பிள்ளைகள் பலர் எங்கே என்று தெரியாமல் போனார்கள். தாய்மார் முகாம் முகாமாக அலைந்தார்கள். செஞ்சிலுவைக் குழுவினர் தடுப்பில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்வார்கள். உள்ளே இருப்பவர் வீட்டுக்கு ஒரு செய்தி எழுதலாம். மடித்து ஒட்டாத திறந்த தாள். குடும்ப விஷயம் மட்டும்தான் எழுதலாம்; அதிகாரிகள் படிப்பார்கள். அப்படி வந்த தாள்களில் முகவரி புரியாதவற்றை என்னிடம் கொண்டுவருவார்கள். வீடுகள் இடிந்து, வீதிகள் மாறி, சனம் வேறு வேறு வளவுகளில் இருந்த காலம். விதானையைக் கேட்காமல் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

1997இல் ஒரு தாள் வந்தது. தென்பகுதிச் சிறையொன்றிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதியது. தாயின் பெயரைப் பார்த்தேன். என் பதிவேட்டில் தேடினேன். இல்லை. தகப்பனின் பெயரைக் கொண்டு குடும்பத் தலைவர்கள் நிரலில் தேடினேன். இல்லை. 'அப்படி ஒருவர் இப்பிரிவில் வதிவதில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

நிவாரணம் கொடுத்த ஒருநாள், வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாவைப் பின்னால் நின்றவர் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குக் கை நின்றுவிட்டது. அவருடைய பெயரை நான் எழுதியிருந்தேன். அடையாள அட்டையில் இருந்த நீளப் பெயரை. கணவர் இறந்துவிட்டதால் தமையனின் குடும்பத்தில் சேர்த்துப் பதிந்திருந்தேன். மகனோ தான் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வீட்டுப் பெயரையும் செத்துப்போன தகப்பனின் பெயரையும் எழுதியிருந்தான். அவன் எழுதியதும் சரி, நான் எழுதியதும் சரி. இரண்டும் சந்திக்கவில்லை.

அன்றைக்கே யாழ்ப்பாணம் போய்ச் செஞ்சிலுவை அலுவலகத்தில் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாள் மறுபடியும் வந்தது. கணக்குப் பார்த்தேன்: நான் முத்திரை குத்திய நாளிலிருந்து அந்த அம்மாவின் கைக்குப் போன நாள்வரை 73 நாட்கள். அந்த 73 நாளும் அவர் தன் மகன் உயிரோடு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை, கண் மங்கல். நான்தான் வாசித்துக் காட்டினேன். 'நான் சுகம். கண்ணுக்கு மருந்து எடுத்தீர்களா? செவலைப் பசு கன்று போட்டதா?' பசு இடப்பெயர்வோடு போய்விட்டது. "போட்டது என்று எழுதுங்கள் விதானையார்" என்றார். எழுதினேன்.

அதற்குப் பிறகு என் பதிவேட்டின் ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் சிவப்பு மையால் வீட்டுப் பெயரை எழுதத் தொடங்கினேன். பெண்களுக்குப் பிறந்த வீட்டுத் தகப்பன் பெயரும். எந்தச் சுற்றறிக்கையும் அதைக் கேட்கவில்லை.

ஜெனீவாவில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது, என் பதிவேட்டில் தலைவாசல் ஒன்றுதான் இருந்தது, இவர்கள் எல்லாப் பக்கத்திலும் வாசல் வைத்திருந்தார்கள் என்று தோன்றியது. பிரான்சில் எத்தனை மார்த்தேன், ஜெர்மனியில் எத்தனை முல்லர் இருந்திருப்பார்கள்? தவறாக எழுதிய பெயர், காதால் கேட்டு எழுதிய பெயர், பாதிப் பெயர் எல்லாமே வந்து குவிந்திருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்தார்கள். இன்று தவறாகத் தெரிவது நாளைக்கு இன்னொரு அட்டைக்குச் சோடியாகலாம் என்று வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. முகவரகம் தொடங்கியது படைவீரர்களுக்காக. பிடித்து அடைக்கப்பட்ட, எல்லைக்கு அப்பால் அகப்பட்ட சாதாரண மக்களைப் பற்றியும் கடிதங்கள் வந்தன. எந்த உடன்படிக்கையும் அவர்களைச் சேர்க்கவில்லை. குழுவில் இருந்த பிரெதெரிக் பெரியேர் என்ற மருத்துவர் அந்தக் கடிதங்களை ஒதுக்க மனமில்லாமல், பொதுமக்களுக்கென்று தனிப் பிரிவையே தொடங்கினார். எழுத்தாளர் ரொமேன் ரோலண்ட் அந்தப் பிரிவில் உட்கார்ந்துதான் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். சட்டம் வர இன்னும் முப்பத்தைந்து வருடம் இருந்தது. அதற்கு முன்பே அட்டை எழுதத் தொடங்கிவிட்டார்கள். பேத்தியின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த மருத்துவர்தான். 1942இல் வாயை மூடியதும் இதே நிறுவனம். அதற்கு முன்பு 1914இல் யாரும் கேட்காமலே பெயர் எழுதியதும் இதே நிறுவனம். எனக்கு 1990 நவம்பரும் நினைவிருக்கிறது. அதற்கு மூன்று வருடம் முன்பு இந்தியப் படை உள்ளே புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்ட அதே யாழ்ப்பாணம் வைத்தியசாலையின் மேல் செஞ்சிலுவைக் கொடி ஏறியது. அதைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வலயம் வந்தது. என் இரண்டாவது மகள் அந்த வைத்தியசாலையில்தான் பிறந்தாள்.

அட்டைகளுக்கு அப்பால் ருவாண்டாவின் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. 1994 இனப்படுகொலையில் பெற்றோரைத் தொலைத்த குழந்தைகள். தங்கள் பெயரையே சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பலர். பெயர் தெரியாவிட்டால் அட்டை எப்படி எழுதுவது? அதனால் முகத்தைப் படமெடுத்து, முகாம்களில் பலகைகளில் வரிசையாக மாட்டி வைத்தார்கள். தாய்மார் நடந்து நடந்து பார்த்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் கமராவை நேராகப் பார்க்கிறது.

மூன்றாம் பகுதியை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம். கடதாசிக் குழாய்களால் ஷிகெரு பான் கட்டியது, அழகாக இருக்கிறது. புயல் வரும்போது சனத்தை எப்படி வெளியேற்றுவது என்று கூட்டாக விளையாடும் ஒரு விளையாட்டு உண்டு. பேத்தி வேறு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினாள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மூச்சுவிட அது நல்ல இடம்.

அவள் விளையாடிக்கொண்டிருந்தபோது நான் வன்னியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009இன் தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், வன்னிக்குள் எத்தனை பேர் அகப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்குச் சண்டை நடந்தது. முல்லைத்தீவு மாவட்ட அதிகாரிகள் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் என்றார்கள். அரசாங்கம் 70 ஆயிரம் என்ற அளவில் சொன்னது. மாவட்டக் கணக்கு எப்படி உருவாகும் என்று எனக்குத் தெரியும். தறப்பாளுக்குக் கீழே, பதுங்குகுழி வாசலில், என்னைப் போன்ற ஒருவன் கொப்பியை மடியில் வைத்து எழுதியிருப்பான். சிறிய கணக்கை வைத்தால் உணவும் மருந்தும் அந்தச் சிறிய கணக்குக்குத்தான் போகும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் இதை விரிவாக எழுதியது. தாக்குதலற்ற வலயம் என்று அரசாங்கமே அறிவித்த இடங்கள் மீது எறிகணைகள் விழுந்ததையும், வைத்தியசாலைகள் தாக்கப்பட்டதையும் அதே குழு எழுதியது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும், அவர்களைக் கேடயமாக வைத்ததையும் எழுதியது. இரண்டையும் நான் சேர்த்தே சொல்வேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. பதிவேட்டில் அப்படிப் பாதிப் பக்கம் எழுதினால் என்னை வேலையிலிருந்து நீக்கியிருப்பார்கள்.

போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். கொப்பியை மடியில் வைத்து எழுதியவனின் கணக்கு எதற்கு நெருக்கமாக இருந்தது என்று பாருங்கள். இறந்தவர்களின் தொகையில் இன்றைக்கும் உடன்பாடு இல்லை. 40 ஆயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று அந்த நிபுணர் குழு சொன்னது. பெயர்ப் பட்டியல் இல்லை.

அந்த மாதங்களில் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றியது. பெப்ரவரி 10 தொடங்கி மே 9 வரை, ஏறத்தாழ 14 ஆயிரம் பேர். அதன் பணியாளர்கள் மூவர் அந்தக் காலத்தில் கொல்லப்பட்டார்கள். மே மாதம் 14ஆம் திகதிக்குப் பிறகு உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் செய்ய முடியாத நிலை. இலங்கையில் காணாமற்போனவர்கள் என்று 1990 முதல் அந்தக் குழுவிடம் பதிந்த கோரிக்கைகள் 16 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் ஒவ்வொன்றும் தேடும் அட்டை. சோடி இன்னும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பேத்தி தொடருந்தில் ஒன்று கேட்டாள். "அம்மப்பா, இங்கே பள்ளியில் என் பெயரைத் தவறாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு எழுத்துக் குறைத்து. நான் திருத்தச் சொல்வதில்லை. திருத்த வேண்டுமா?" அவள் பெயரில் வரும் ழகரத்தை எழுத இந்த நாட்டு எழுத்தில் வழியில்லை. பள்ளிப் பதிவில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம், பிறப்புச் சான்றிதழில் வேறொரு விதம். மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினாள். அந்தத் தாள் என் பையில் இருக்கிறது.

இனிப் போகிறவர்களுக்கு. அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 15 பிராங்க். முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டு. குறைந்தது இரண்டு மணித்தியாலம் வையுங்கள். முடிந்தால் மூன்று. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இரண்டாம் பகுதிக்குக் கூட்டிப்போவதற்கு முன் ஒரு தரம் யோசியுங்கள். போரிலிருந்து வந்த வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், சங்கிலித் திரையைக் கடக்கும்போது அவர்களுடைய கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் காணாமற்போனவர்களைப் பதிய முடியாது; அது காட்சிக்கான இடம். தேடும் கோரிக்கை கொடுக்க வேண்டியது நீங்கள் இருக்கும் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில். இலங்கையிலிருந்தால் செஞ்சிலுவைக் குழுவின் அலுவலகத்தில் அல்லது இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தில். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. இன்னும் பதியாமல் இருக்கும் குடும்பங்கள் எனக்கே தெரியும். பதிந்தால் இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தேடுகிறோம் என்று மட்டுமே அதற்குப் பொருள்.

போகும்போது அடையாள அட்டையில் இருந்த பெயரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தகப்பனின் முழுப்பெயர், தாயின் கன்னிப் பெயர், பிறந்த ஊர், கடைசியாக இருந்த ஊர், இயக்கத்தில் இருந்தவராயின் அங்கே வைத்த பெயர், சிங்களத்தில் ஒரு தடுப்புப் பட்டியலில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஊகித்த பெயர், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிய பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெயரையும் எழுதுங்கள்.